கிட்டப் போவதா, இழுத்துப் பார்ப்பதா?

சென்ற மாதம் பென்ஷன் நேர்காணலுக்காகக் கருவூலத்துக்குப் போயிருந்தபோது பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு கேமரா அனுப்பியிருக்கிறான். லென்ஸ் மட்டும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணமும் அனுப்பிவிட்டான். "சார், ஜூம் வாங்கவா, பிரைம் வாங்கவா? கடைக்காரர் ஒன்னு சொல்றார், பேரன் ஒன்னு சொல்றான். நீங்க பத்துப் பதினைஞ்சு வருஷமா கேமராவும் கையுமா அலையிறீங்களே, நீங்க சொல்லுங்க" என்றார்.

வரிசையில் நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு நான் சும்மா வந்து சேரவில்லை, ஒரு தப்புச் செய்துதான் வந்து சேர்ந்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிரைம் லென்ஸ் என்பது ஒரே குவியத்தூரம் கொண்டது. 35 மி.மீ. என்றால் 35தான், 50 என்றால் 50தான். பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நீங்கள்தான் நடந்து முன்னால் போக வேண்டும். ஜூம் லென்ஸில் 18 முதல் 55 வரை, 55 முதல் 250 வரை என்று ஒரு வீச்சு இருக்கும். நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருகினால் எதிரே இருப்பது நம்மிடம் வந்துவிடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் பெரியப்பா ஃபோக்கா என்ற பிரெஞ்சு கேமரா ஒன்று கொண்டு வந்திருந்தார். அதில் 5 சென்டிமீட்டர் லென்ஸ், அதாவது இன்றைய கணக்கில் 50 மி.மீ. வேறு லென்ஸ் அவரிடம் கிடையாது. லென்ஸுக்குப் பிரெஞ்சில் 'அப்ஜெக்தீஃப்' என்று பெயர். குறிக்கோளுக்கும் அதே சொல்தான். பள்ளியில் இந்த இரண்டு அர்த்தத்தையும் ஒரே நாளில் எழுதிப் படித்தேன். லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நோக்கத்தில் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது என்று அப்போது தோன்றவில்லை. எழுபது வயதுக்கு மேல்தான் தோன்றுகிறது.

பெரியப்பா படம் எடுப்பதைப் பார்ப்பதே வேடிக்கை. இரண்டு எட்டு முன்னால் வருவார், ஓர் எட்டுப் பின்னால் போவார், "கொஞ்சம் சிரிங்களேன்" என்பார், மறுபடி ஓர் எட்டு வருவார். எங்களுக்குப் பொறுமை போய்விடும். பின்னால் நான் விருதுநகருக்கு வந்து, அரசு வேலையில் சேர்ந்து, முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்து வாங்கிய ஆக்ஃபா கிளிக் III கேமராவிலும் ஒரே லென்ஸ்தான். ஒரு ரோலில் 12 படம். எட்டு வைத்து எட்டு வைத்துத்தான் எடுத்தோம். எந்த லென்ஸ் வாங்குவது என்ற கேள்வியே அன்றைக்கு இல்லை.

இப்போது ஜூமுக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வசதி. பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயில் பக்கம் நடக்கவே இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் முன்னால் போ, பின்னால் வா என்றால் யார் விடுவார்கள்? இரண்டு, தூசி. லென்ஸை மாற்றக் கேமராவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே சென்சாரில் தூசி இறங்கும். நம்ம ஊர் ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, முழங்கால். எனக்கு வலது கால் மாடி ஏறும்போதே பேசும். வளையத்தைத் திருகுவது காலுக்கு நல்லது.

பிரைமின் நியாயம் வெளிச்சம். சாதாரண 18-55 ஜூமை 55இல் வைத்தால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. பிரைம், விலை குறைந்ததே எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். ஜூமில் 1/10 வினாடி ஷட்டர் வேகம் தேவைப்படும் சாயங்கால வேளையில் பிரைமில் 1/100 போதும். 1/10இல் என் கை நடுங்கும், படம் கலங்கிவிடும். இப்போதைய ஜூம்களில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது நம் கை ஆட்டத்தைத்தான் சரிக்கட்டும். எதிரே ஓடுகிற பேத்தியை அது பிடித்து நிறுத்தாது.

எடையும் ஒரு விஷயம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 200 கிராமுக்குள் இருக்கும். கல்யாண வீட்டில் புகைப்படக்காரர்கள் தூக்கி வருகிற 70-200 எஃப் 2.8 ஜூம் சுமார் ஒன்றரைக் கிலோ. நம் வயதில் கழுத்தில் மாட்டுகிற சாமானுக்கு எடை பார்க்கத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னதை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு 55-250 ஜூம் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு விலக்கில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டாசு வேலைக்குப் போன பெண்களை வேன் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தூக்குச்சட்டி. அதில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ரோட்டோரம் நின்று மேற்கே பார்த்தார். முகத்திலும் முன்கையிலும் அலுமினியப் பவுடர். சாய்ந்த வெயில் அதில் பட்டு, வெள்ளியில் செய்த சிலை மாதிரி மின்னியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வளையத்தை 250 வரை திருகி நாலு படம் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

படம் அருமையாக வந்திருந்தது. பெரிதாக்கிப் பிரேம் போட்டு, நாங்கள் ஓய்வூதியர்கள் கூடிய ஓர் ஆண்டு விழாவில் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அந்த மண்டபத்தில் சாப்பாடு பரிமாற வந்திருந்த பையன் ஒருவன் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து, "சார், இது எங்க அம்மா. யார்ட்ட கேட்டு எடுத்தீங்க?" என்றான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

படத்தை அப்போதே இறக்கிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையே கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா முதலில் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "அண்ணாச்சி, மருந்தை அப்பிக்கிட்டு, மூஞ்சி கழுவாம, எப்படா வீட்டுக்குப் போவோம்னு நிக்கிற கோலம் அது. அதைக் கொண்டுபோய் நாலு பேர் பார்க்க வைக்கலாமா? கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

முப்பத்தைந்து வருஷம் நான் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஸ்தலத்துக்குப் போகாமல் மேஜையில் உட்கார்ந்தே எழுதுகிற ஸ்தல விசாரணை அறிக்கைகள் எத்தனையோ என் கைவழியே போயிருக்கின்றன. வார்த்தைகள் அழகாக இருக்கும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட அறிக்கை ஒன்றைத்தான் நான் பிரேம் போட்டு மாட்டியிருந்தேன்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி இன்னொரு நாள் போனேன். அன்றைக்கு 35 மி.மீ. பிரைம் மட்டும் எடுத்துப் போனேன். குளித்து, பூ வைத்து, வாசலில் தன் வெள்ளாட்டைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார். நான் பெரியப்பா மாதிரி இரண்டு எட்டு முன்னால் போய், ஓர் எட்டுப் பின்னால் வந்தேன். ஆடு திமிறியதில் எல்லோரும் சிரித்துவிட்டோம். படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, ஆட்டின் காது கலங்கியிருக்கிறது. யாரும் பரிசு தர மாட்டார்கள். ஆனால் அது அவர்கள் வீட்டுச் சுவரில், சிவகாசிக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஆன்றி கார்த்தியே-ப்ரெஸோன் என்ற பிரெஞ்சுக்காரரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1948இல் காந்தியடிகளைக் கடைசி நாளில் பார்த்துப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் நம் பக்கம் வந்தார். ரமண மகரிஷி மறைந்த இரவு திருவண்ணாமலையில் இருந்தார், அதே மாதம் புதுச்சேரியில் அனுமதி கேட்டு அரவிந்தரைப் படம் எடுத்தார். பெரும்பாலும் அவர் கையில் இருந்தது சின்ன லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான். தெருவில் எடுக்கும்போது அவரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டு எடுத்தவர் இல்லை. கேமராவின் பளபளப்புத் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். ஆனாலும் 50 மி.மீ.ஐ வைத்துக்கொண்டு தூரத்தில் ஒளிந்து நிற்க முடியாது. அந்த மனிதர் தலையைத் திருப்பினால் இவரைப் பார்த்துவிடலாம், முறைக்கலாம், போய்யா என்று சொல்லலாம். என் பெஞ்சிலிருந்து நான் எடுத்தபோது அந்த அம்மாவுக்கு அந்த உரிமை இல்லை. பிரைம், ஜூம் வித்தியாசத்தில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: நாம் பார்ப்பவரும் நம்மைப் பார்க்கக்கூடிய தூரத்தில் பிரைம் நம்மை நிறுத்துகிறது.

உடனே எல்லாவற்றுக்கும் கிட்டப் போங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்த்தியே-ப்ரெஸோனோடு சேர்ந்து 1947இல் மேக்னம் என்ற புகைப்படக்காரர் அமைப்பைத் தொடங்கியவர் ராபர்ட் காப்பா. படம் நன்றாக வரவில்லையென்றால் நீ போதுமான அளவு கிட்டப் போகவில்லை என்று சொன்னவராக அவரைத்தான் சொல்வார்கள். 1954 மே 25 அன்று இந்தோசீனாவில், பிரெஞ்சுப் படைகளோடு போனபோது, கண்ணிவெடியில் கால் வைத்து இறந்துபோனார்.

நமக்கு இந்தோசீனா வரை போக வேண்டாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முதலில் தீ, புகை. பக்கத்து ஊர்களிலிருந்து உதவி செய்யவும் பார்க்கவும் ஓடினார்கள். அதன் பிறகுதான் பெரிய வெடிப்பு. இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் அந்த ஆலையில் வேலையே செய்யாதவர்கள் பலர். அன்றைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடியிருக்கக் கூடியவன்தான். வீட்டில் விடவில்லை. எரிகிற இடத்துக்குக் கேமராவோடு கிட்டப் போவது வீரம் இல்லை. அங்கே எட்ட நில்லுங்கள். நாம் வழியை அடைத்து நின்றால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்படிப் போகும்?

வாண வேடிக்கை எடுக்கவும் ஜூம்தான் சரி. கேமராவை முக்காலியில் வைத்து, எஃப் 8 அல்லது 11இல், இரண்டு மூன்று வினாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். துவாரத்தை அவ்வளவு சுருக்கிய பிறகு பிரைமின் எஃப் 1.8க்கு வேலையே இல்லை. எந்த வெடி எவ்வளவு உயரத்தில் விரியும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் வளையம் இருப்பது வசதி. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணிலைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். நாம் கிட்டப் போனால் அது மரம் மாறிவிடும். ஆடிப்பூரத் தேரையும் தள்ளி நின்று ஜூமில் எடுங்கள், வடத்துக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நண்பருக்கு என் பதில் இது. உங்கள் கேமராவின் சென்சார் சிறிய வகை. அதில் 50 மி.மீ. போட்டால் 75, 80 போலத் தெரியும். நம் ஊர் வீடுகளில் படம் எடுக்கப் பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும். எனக்கு முட்டியிருக்கிறது. அதனால் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். பணம் மிஞ்சினால் பழைய ஜூம் ஒன்று பார்த்துக்கொள்ளலாம். அது நெருப்புக்கும், அணிலுக்கும், தேருக்கும். மனிதர்களுக்கு 35.

முழங்கால் வலிக்குமே என்றால், வலிக்கத்தான் செய்யும். நாலு எட்டு நடந்து, "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிற அளவுக்கு நம் கால் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நாலு வெள்ளிப் படங்களையும் நான் அழித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தன. அழித்ததில் வருத்தம் இல்லை.