கணையப் புற்றுநோயும் இரத்தத்தில் தோன்றும் அழற்சிக் குறிகளும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பு. வயிற்றைத் தடவிப் பார்த்து அறியத்தக்க இடத்தில் அது இல்லை. ஆகவே அதில் தோன்றும் புற்று, நெடுநாள் வெளிக்குத் தெரியாமலே வளர்ந்து, தெரியவரும்போது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. நூறு நோயாளரில் பதினைந்து அல்லது இருபது பேருக்கே கட்டியை அகற்றும் வாய்ப்புக் கிட்டுகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 5 லட்சத்து 11 ஆயிரம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இதனால் மாண்டோர் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். இவ்விரு தொகைகளும் இத்துணை நெருங்கி நிற்பதே நோயின் கொடுமையை உணர்த்தப் போதும். நம் நாட்டில் இது மேனாடுகளைக் காட்டிலும் அருகியே காணப்படுகிறது என்பது உண்மை; எனினும் கண்ட குடும்பத்திற்கு அந்த அருமையால் ஆறுதல் ஒன்றும் இல்லை.

மைசூர் நகரின் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனைக்கும் பிற மருத்துவமனைகளுக்கும் மண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய பகுதிகளிலிருந்து நோயாளர் வருகின்றனர். எல்லையை ஒட்டிய தாளவாடி, கூடலூர்ப் பக்கத்துத் தமிழ் மக்களும் வருகின்றனர். அவர்களுள் எவர் வந்தாலும் முதல் நாளிலேயே இரத்த அணுக்களின் எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. செலவு சொற்பம். இச்சிறு சீட்டைக் கொண்டே கணையப் புற்று இனி எவ்வாறு செல்லும் என்பதை ஓரளவு முன்னறியலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் காட்டியுள்ளனர். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த அறிவை நாம் எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

புற்றுக்கட்டி தனித்து வாழ்வதில்லை. அதனைச் சுற்றியுள்ள திசுக்கள் ஆறாத புண்ணைப் போல் அழற்சியுற்று நிற்கின்றன. கட்டியும் அச்சூழலும் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் இரத்தத்தின் வழியே கல்லீரலை எட்டுகின்றன. கல்லீரல் தன் வேலைத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறது, சி.ஆர்.பி. எனப்படும் புரதத்தை மிகுதியாக ஆக்குகிறது, ஆல்புமின் என்னும் புரதத்தைக் குறைவாக ஆக்குகிறது. வெள்ளணுக்களில் நியூட்ரோபில் வகை பெருகுகிறது; புற்றை எதிர்க்க வேண்டிய லிம்போசைட் வகை அருகுகிறது. இதனோடு பசியின்மையும் தசை உருகுதலும் சேர்கின்றன. இந்த மாற்றங்கள் எத்துணை மிகுதியோ அத்துணை நோயின் போக்கும் விரைவு என்பதே பொதுவாகக் காணப்படும் உண்மை.

கணக்கு எளிது, ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டலாம். ஒருவரின் சீட்டில் நியூட்ரோபில் 72 விழுக்காடு, லிம்போசைட் 18 விழுக்காடு எனில் விகிதம் 4. இன்னொருவருக்கு 84-ம் 12-ம் எனில் விகிதம் 7. உடல்நலம் உள்ளவரிடம் இது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். இரண்டாவது முறை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2003-ஆம் ஆண்டில், முதலில் நுரையீரல் புற்றுக்கென வகுக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டது. திருத்திய முறைப்படி சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாவிடில் மதிப்பு 0, மேற்பட்டால் 1, மேற்படுவதோடு ஆல்புமினும் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழ் இருந்தால் 2. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் சோதனைச்சாலைகளில் ஆல்புமின் பெரும்பாலும் டெசிலிட்டர் கணக்கில் 3.5 என்று அச்சாகிறது. சி.ஆர்.பி.யோ ஓரிடத்தில் லிட்டர் கணக்கிலும் வேறிடத்தில் டெசிலிட்டர் கணக்கிலும் வருகிறது. ஒன்று மற்றொன்றைப் போல் பத்து மடங்கு. அலகைப் பாராமல் எண்ணை மட்டும் படித்தால், பொல்லாத நோய் நல்ல நோயாகத் தோற்றமளிக்கும்.

அழற்சிக் குறிகள் புற்றுநோய்க்கென்று பிறந்தவை அல்ல. சி.ஆர்.பி.யை 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டில்லெட், பிரான்சிஸ் என்போர் கண்டறிந்தது நிமோனியா நோயாளரின் இரத்தத்தில். அதற்கும் மூத்தது ஈ.எஸ்.ஆர். என்னும் சிவப்பணுப் படிவுச் சோதனை. காசநோய் மருத்துவமனைகளில் அது பல்லாண்டுக் காலம் நோயின் ஏற்றத் தாழ்வை அளக்கும் கோலாக விளங்கிற்று. மைசூரிலேயே இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரால் காசநோய்க்கென அமைந்த சானடோரியம் உண்டு. புற்றுநோயரின் இரத்தத்தில் உயரும் அதே குறிகள் காசநோயிலும் உயர்கின்றன. பல் சொத்தையில் சீழ் வைத்தாலும், மூட்டு வாதத்திலும், பித்தநாள அடைப்பில் கிருமி சேர்ந்தாலும் உயர்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை உண்டவரிடம் நியூட்ரோபில் தானே கூடிவிடும். தொற்று நோய்கள் மலிந்த நம் நாட்டில், குளிர்நாட்டு மருத்துவமனையில் வரையறுத்த எல்லைக் கோட்டை அப்படியே கொணர்ந்து நாட்டுவது எப்படிப் பொருந்தும்? அந்நாட்டாருள்ளும் ஒருமைப்பாடு இல்லை. விகிதத்தின் எல்லை 3 என்பாரும், 4 என்பாரும், 5 என்பாரும் உளர்.

ஆகவே சில இடங்களில் புற்றைக் கண்டறியும் தொகுப்புச் சோதனை என்று விளம்பரம் செய்து இவற்றை விற்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். கண்டறிந்த நோயின் கடுமையை அளக்க உதவும் ஒன்று, இல்லாத நோயைத் தேடிக் காண உதவாது. 1979-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சி.ஏ. 19-9 என்னும் குறியும் இதற்கு விலக்கன்று. பித்தம் அடைபட்டால் புற்று இல்லாதவரிடமும் அது ஏறும். இலூயிஸ் என்னும் இரத்த வகைக் கூறு அமையப்பெறாத நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடம் புற்று இருந்தும் அது ஏறாது.

அழற்சியை அடக்கினால் ஆயுள் நீளும் என்று எண்ணுவது இயல்பு. அதுவும் சோதிக்கப்பட்டது. ருக்சோலிட்டினிப் என்னும் மருந்தை ஒரு சிறு ஆய்வில் கொடுத்தபோது, சி.ஆர்.பி. மிகுந்த நோயாளர்க்குச் சிறிது நன்மை விளைந்ததாகத் தோன்றியது. பின்னர் கிளாஸ்கோ மதிப்பு 1 அல்லது 2 உள்ளவர்களையே தெரிந்தெடுத்துப் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. பயன் காணாமையால் அவை 2016-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன. புகை நெருப்பைக் காட்டும். புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணைவதில்லை. மருந்துக்கடைக்காரர் சொல்லும் அழற்சி நீக்கிப் பொடிகளுக்கும் இதுவே விடை.

தென்னிந்தியர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. மதுப்பழக்கம் இன்றியே இளவயதில் கணைய நாளத்தில் கற்கள் தோன்றி, வயிற்று வலியும் நீரிழிவும் வருவிக்கும் நாட்பட்ட கணைய அழற்சி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. சென்னையில் டாக்டர் வி. மோகன் முதலியோர் இத்தகைய 185 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இறந்த 24 பேரில் அறுவர் கணையப் புற்றால் இறந்தனர். அழற்சி புற்றைப் பின்தொடர்வது மட்டுமன்று, சிலரிடம் முன்னே செல்வதும் உண்டு என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது. இத்தகைய கணையக் கல் உடையவர் திடீரென மெலிந்தாலோ, வலியின் தன்மை மாறினாலோ, அதைப் பழைய வியாதி என்று ஒதுக்கலாகாது.

களப்பணியாளர் இரத்தச் சீட்டைக் காணுமுன்னரே செய்யத்தக்க பணி ஒன்று உளது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு வலியின்றி மஞ்சள் காமாலை காண்கிறது. மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடலெங்கும் அரிப்பு எடுக்கிறது. வீட்டார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைத்துக் காத்திருக்கின்றனர். அடைபட்ட பித்தநாளத்தை எந்த இலையும் திறக்காது. காத்திருக்கும் வாரங்களில்தான் அறுவைக்குரிய கட்டி அறுவைக்கு உதவாத கட்டியாகிறது. பருமன் இல்லாத முதியவர்க்குப் புதிதாகச் சர்க்கரை நோய் தோன்றி, உடனே எடையும் குறையுமாயின் அதையும் இவ்வாறே கருதி, வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும்.

நோய் உறுதிப்பட்டபின் அழற்சிக் குறிகளுக்கு உண்மையான வேலை வருகிறது. கிளாஸ்கோ மதிப்பு 2 எனின் உணவுத் துணையும், வலி தணிக்கும் மருத்துவமும் கீமோதெரப்பிக்குப் பின்னர் என்று ஒத்திவைக்கத்தக்கவை அல்ல. அன்றே தொடங்க வேண்டியவை. போதைப் பொருள் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டில் செய்த திருத்தம் மார்பீன் கிடைப்பதற்கு இருந்த தடைகளைக் குறைத்தது. எனினும் சிற்றூர் நோயாளர் பலர் இன்றும் வலியோடே மடிகின்றனர். எண்ணைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் தவறு. இரண்டு ஏக்கர் நிலத்தை விற்கப் புறப்படும் குடும்பத்திடம் எண்ணை மறைப்பதும் தவறு. ஒரே விகிதம் உடைய இருவரில் ஒருவர் மூன்று மாதமும் மற்றொருவர் இரண்டு ஆண்டும் வாழக்கூடும். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய சொல். அதைத் தனி மனிதர்க்கு நாள் குறித்துக் கொடுக்கும் சோதிடமாக ஆக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. சொல்ல வேண்டியதை மருத்துவரே, நோயாளி கேட்க விரும்பும் அளவில், அவர் தாய்மொழியில் சொல்லுதல் நன்று.

மாவட்ட மருத்துவமனைகள் ஒரு காரியம் செய்யலாம். பித்தநாளத்திற்குக் குழாய் வைக்குமுன் ஒருமுறையும், காமாலை தணிந்தபின் ஒருமுறையும் அணு எண்ணிக்கை, ஆல்புமின், சி.ஆர்.பி. ஆகியவற்றை எடுத்து, தேதி, அலகு, அன்றைய காய்ச்சல், எடை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றோடு ஒரே பதிவேட்டில் எழுதி வைக்கலாம். நம் மக்களுக்குரிய எல்லை எண் 3 ஆ, 5 ஆ என்பதற்கு விடை அப்பதிவேட்டிலிருந்தே வர வேண்டும்.