எட்டே எட்டு படம்

அக்கா பையன் அக்னிவீரில் தேறிவிட்டான். வயசு பத்தொன்பது. "நாலே வருஷம்தான் மாமா" என்கிறான், ஏதோ காலேஜில் சேரப் போகிற மாதிரி. டிரங்குப் பெட்டியில் பனியன், ஷூ பாலிஷ், அக்கா திணித்த பருப்புப் பொடி எல்லாம் ஏறிய பிறகு மெதுவாக என்னிடம் வந்தான்.

"மாமா, உங்க டிஜிட்டல் கேமரா பீரோவுல சும்மாதானே தூங்குது. எடுத்துட்டுப் போகட்டா?"

எனக்குத் திக்கென்றது. 2009-ல் தவணையில் வாங்கியது சார்! அதைச் சொன்னால் கஞ்சன் என்பான். ஆகவே சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். பி.காம். படித்தவனுக்கும் ஆபத்துக்குச் சரித்திரம் உதவும்.

1912-ல் 'வெஸ்ட் பாக்கெட் கோடக்' என்று ஒரு மடக்குக் கேமரா வந்தது. சட்டைப் பையில் அடங்கும். ஒரு சுருளுக்கு எட்டே எட்டு படம். முதல் உலக யுத்தம் மூண்டதும் 'சிப்பாயின் கோடக்' என்றே விளம்பரம் செய்தார்கள். பிரிட்டிஷ் பையன்கள் துப்பாக்கியோடு கேமராவையும் சுமந்துகொண்டு பிரான்சுக்குப் போனார்கள்.

வம்பு வந்தது 1914 கிறிஸ்துமஸ் அன்று. சில இடங்களில் இரண்டு தரப்புச் சிப்பாய்களும் பதுங்குகுழியை விட்டு ஏறி வந்து, கைகுலுக்கி, சிகரெட் மாற்றிக்கொண்டார்கள். பையிலிருந்த கேமராக்கள் சும்மா இருக்குமா? 1915 ஜனவரி 8 அன்று லண்டன் 'டெய்லி மிரர்' முதல் பக்கத்தில் இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் ஒரே குரூப் போட்டோவில், கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல!

அந்த வருஷமே, போர்முனையில் சொந்தக் கேமரா கூடாது என்று ராணுவம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. படம் எதிரி கையில் சிக்கினால் ஆபத்து, நியாயம்தான். பக்கத்தில் நின்று சிரித்தவனைச் சுடச் சொன்னால் விரல் தயங்கும் என்பதும் மேலிடத்துக்குத் தெரியாமலா இருக்கும்? சிலர் அப்படியும் ஒளித்து வைத்து எடுத்தார்கள். அந்தப் பையன்கள் டீ குடித்ததையும் சவரம் செய்துகொண்டதையும் இன்று நாம் பார்ப்பது அவர்கள் புண்ணியத்தில்தான்.

"அது அந்தக் காலம் மாமா."

"இந்தக் காலம் இன்னும் மோசம்டா. போன்ல எடுத்தா எந்த இடம்ங்கறதும் படத்தோட பதிவாகிடும். ரஷ்யாவுல 2019-ல் சிப்பாய்களோட போனுக்கு எதிரா சட்டமே போட்டாங்க. நம்ம ராணுவம் 2020-ல் 89 ஆப்களை அழிக்கச் சொல்லிச்சு."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் துப்பாக்கியையா எடுக்கப்போறேன்? 'நல்லா இருக்கேன், சாப்பிடறேன்'னு சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. முகத்தைக் காட்டினா நம்புவாங்க. அதுக்குத்தான்."

நூறு வருஷச் சரித்திரம் கப்சிப். தவணை ஞாபகமும்தான்.

"முதல்ல அங்க கேளு. சரின்னா நானே அனுப்பறேன்" என்றேன். பிறகு கேமராவுக்குச் சார்ஜ் போட்டு அவன் கையில் கொடுத்தேன். அன்று ராத்திரி சமையலறையில் அக்காவை எட்டு படம் எடுத்தான். காலையில் கடை திறந்ததும் ஓடிப் போய் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டு, பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

ஏன் ஒன்று மட்டும் என்று கேட்காதீர்கள். எட்டில் அக்கா அழாமல் இருந்தது அது ஒன்றுதான்.