இரவல் கோள் எத்தனை நாளைக்கு?

"ஏழை நாட்டுக்குச் செயற்கைக்கோள் எதற்கு? வேண்டும்போது வாடகைக்கு எடுத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் நமக்கு இரவலாகக் கிடைத்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களின் மக்கள் வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கண்டனர். 1976 ஜூலையில் தவணை முடிந்தது. கோள் திரும்பிப் போயிற்று. கிராமத்தாரின் தேவை மட்டும் அப்படியே இருந்தது.

1983-இல் இன்சாட்-1பி நமக்கே உரியதாக வந்தது. ஆனால் அதைச் செய்ததும் ஏவியதும் அமெரிக்காவே. 1992-இல் இன்சாட்-2ஏ கோளை நாமே செய்தோம். ஏற்றிச் சென்றது ஐரோப்பிய ராக்கெட்டு. 2014 ஜனவரியில்தான், திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் நமது கிரையோஜெனிக் எஞ்சின் பொருத்திய ஜி.எஸ்.எல்.வி., நமது ஜிசாட்-14 கோளைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றியுடன் எழுந்தது.

செலவு மிகுதிதான், காலமும் நீண்டதுதான். ஆயினும், கற்கும்வரை இரவல் வாங்குவதில் இழிவில்லை. கற்காமலே இரவலில் காலம் தள்ளுவதுதான் தவறு. மாணவர்களே, நீங்கள் என்ன கருதுகிறீர்கள்?