கீழே படுத்துப் பார்க்கவேண்டிய கோளாறு

ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே, தண்டின் ஓரமாக நீண்டு நிற்கும் கியர்க் கம்பு தொளதொளவென்று ஆடுகிறது என்ற முறையீட்டோடு ஒரு பிக்கப் வண்டி பட்டறைக்குள் நுழைந்தால், நம்மில் பெரும்பாலோர் அதைக் கதவுக் கைப்பிடி தளர்ந்ததைப் போன்ற அற்ப விஷயமாகக் கருதி, வேலை பழகும் பையனைக் கூப்பிட்டு, 'அந்தக் கம்பைக் கொஞ்சம் முடுக்கிவிடு' என்று சொல்லிவிட்டு, பிரேக்கும் கிளட்சுமாகப் பெரிய வேலை காத்திருக்கும் அடுத்த வண்டியை நோக்கிப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும் என்று தொழில் சகோதரர்களை வேண்டிக்கொள்வதற்காகவே இம்மாத உரையை எழுதுகிறேன். ஆடும் கியர்க் கம்பை பிரேக் கோளாறுக்குச் சமமான ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நம் ஊர் லாரிப் பட்டறைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அவ்வளவாகப் பரிச்சயமில்லை. டாட்ஜ், பார்கோ, பெட்போர்டு காலத்திலிருந்து லேலண்டு, டாட்டா வரை நம் லாரிகளில் கியர்க் கம்பு தரையிலிருந்தே எழுந்து நின்றது. தண்டில் கியர் என்பதை நாம் கைதொட்டு அறிந்தது அம்பாசிடர், பியட் ஆகிய இரு கார்களின் மூலமாகத்தான். முன் ஆசனத்தில் மூவர் நெருக்கமின்றி உட்காருவதற்கு வசதி செய்த அந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் இடம்பெற்று, சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டுக் கார்களிலெல்லாம் பரவி, ஷெவர்லே, போர்டு முதலிய பிக்கப் வண்டிகளிலும் நிலைபெற்றது. ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ் வந்த பின்னரும் அது அங்கே மறையாமல், இன்றுவரை சில பிக்கப்களில் தொடர்ந்து வருகிறது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன நம் மெக்கானிக்குகள் ஆயிரக்கணக்கில் கை வைத்த வண்டிகள் இவை. நானும் அவர்களில் ஒருவன்.

எழுபதுகளின் கடைசியில், குவைத்தில் ஷுவைக் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் நான் இளைஞனாக வேலைபார்த்த காலத்தில், ஆட்டோமாட்டிக் கியர் வைத்த பிக்கப் ஒன்று, கம்பு ஆடுகிறது, பார்க்கில் நிற்கவில்லை என்ற புகாருடன் வந்தது. கம்பு பொருந்தும் இடத்திலிருந்த பின் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில், பின்னை மாற்றி, கம்பையும் புதிதாகப் போட்டு, ஆட்டம் நின்றுவிட்டதைச் சொந்தக்காரருக்குப் பிரத்தியட்சமாகக் காட்டி அனுப்பிவைத்தேன். ஒரு வாரம் கழியவில்லை. வண்டி திரும்ப வந்தது. பார்க்கில் வைத்து இறங்கியவர் கடைக்குள் போய்த் திரும்புவதற்குள், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி தானே பின்னால் நகர்ந்து, ஒரு சுவரில் போய் முட்டி நின்றிருந்தது. அங்கே சுவருக்குப் பதிலாக ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைவு இத்தனை ஆண்டுகளுக்குப் பின்பும் என்னை விட்டு அகலவில்லை.

எங்கள் போர்மன் திருநெல்வேலிக்காரர். அண்ணாச்சி என்றுதான் நாங்கள் எல்லோரும் அழைப்போம். நான் மறுபடியும் ஸ்டீயரிங்கின் அருகே டார்ச்சு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "மேல என்னத்தப் பாக்கெ தம்பி? கீழ போய்ப் படு. நான் கம்ப ஆட்டுதேன், நீ ராடு எங்க ஆடுதுன்னு கை வச்சுப் பாரு" என்றார். இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அட்டையை விரித்துக் கீழே படுத்து, தண்டின் அடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ராடின் நுனியில் கட்டைவிரலை வைத்தேன். அவர் மேலே கம்பை ஆட்ட ஆட்ட, ராடின் நுனி அது நுழைந்திருந்த துளைக்குள்ளேயே கால் அங்குலத்துக்கு மேல் சும்மா நகர்ந்து, அதற்கப்புறமே கியர் பாக்ஸின் கை அசைந்தது. துளையில் இருக்கவேண்டிய நைலான் புஷ் அங்கே இல்லை. பாலைவனத்து வெயிலிலும் மணலிலும் வறண்டு நொறுங்கிப்போன அதன் ஸ்தானத்தில், நமக்கு முன்பு யாரோ கட்டிவிட்ட இரும்புக் கம்பி ஒன்று சுற்றிக்கிடந்தது. கம்பி துளையை அரித்து முட்டை வடிவமாக்கியிருந்தது. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எழுந்து வந்து, நானே எழுதிய பில்லை எடுத்து என்னிடமே வாசிக்கச் சொன்னார்.

கம்பில் தெரியும் ஆட்டம் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நம் கைக்குத் தட்டுப்படுவது. கம்பு ஒரு குறுக்குப் பின்னைக் கொண்டு வார்ப்புக் கிண்ணத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கிண்ணம் தண்டுக்குள்ளே ஓடும் ஒரு குழாயைத் திருப்புகிறது. குழாயின் அடியில் உள்ள கை ராடையோ கேபிளையோ இழுக்கிறது. அந்த ராடு கியர் பாக்ஸின் பக்கத்திலுள்ள கையை அசைக்கிறது. இவை தவிர, தண்டைத் தாங்கும் மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும், டாஷ்போர்டின் அடியில் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும், பலரும் நினைத்தே பார்க்காத இன்ஜின் மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களும் இதில் சேர்த்தி. ரப்பர் கிழிந்தால் முடுக்கும்போதெல்லாம் இன்ஜின் புரண்டு எழும். சட்டத்தில் நிற்கும் தண்டுக்கும் புரளும் கியர் பாக்ஸுக்கும் நடுவே அகப்பட்ட ராடு, ஓட்டுபவர் கையே வைக்காமல் கியரை இழுத்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் நூலளவு தேய்மானம்தான். எல்லாம் கூடிக் கம்பின் நுனிக்கு வரும்போது இரண்டு விரற்கடை ஆட்டமாகிறது. ஆகையால் ஓரிடத்தைச் சரிசெய்து ஆட்டம் குறைந்ததைக் கண்டு திருப்தியடைவது, மற்ற இடங்களின் தேய்மானத்தை நாமே மூடி மறைப்பதற்கு ஒப்பாகும்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலில் ஸ்டீயரிங் சக்கரத்தையே இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். சக்கரமும் கம்பும் சேர்ந்தே ஆடினால், கோளாறு கியரில் இல்லை. தண்டின் பிடிப்பில் இருக்கிறது. சாய்த்துக்கொள்ளும் வசதியுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தண்டுகளில், உள்ளே அந்தச் சாய்வுப் பகுதியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள் காலப்போக்கில் தளர்வது அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் நன்கு அறிந்த வியாதி. அவற்றை எட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்றி, அதன் கீழுள்ள பூட்டுத் தட்டை அதற்குரிய கருவியால் அமுக்கி எடுத்து, படிப்படியாக இறங்கவேண்டும்; குறுக்கு வழி கிடையாது. சக்கரம் அசையாமல் கம்பு மட்டும் ஆடினால் குறுக்குப் பின்னையும் கிண்ணத்தையும் பார்க்கவேண்டும். கிண்ணம் திரும்பியும் அடியிலுள்ள கை திரும்பாவிட்டால் குழாயில் கோளாறு. அடிக் கை திரும்பியும் கியர் பாக்ஸின் கை தாமதித்தால் ராடின் புஷ். கியர் பாக்ஸின் கையே அதன் தண்டில் தளர்ந்திருந்தால், நட்டை முடுக்குவதற்கு முன்பு, கையின் துளை உருண்டுபோயிருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பது அவசியம். இவ்வளவையும் இரண்டு பேர் சேர்ந்து கால் மணி நேரத்தில் நிர்ணயித்துவிடலாம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

கையால் மாற்றும் மூன்று கியர் பிக்கப்களில் இதே தேய்மானம் வேறொரு வேஷத்தில் வரும். அங்கே தண்டின் அடியில் இரண்டு கைகள்: ஒன்று பஸ்ட்டுக்கும் ரிவர்ஸுக்கும், மற்றொன்று செகண்டுக்கும் டாப்புக்கும். கம்பைத் தன்பக்கம் இழுத்தால் ஒரு கையும், அப்பால் தள்ளினால் மற்றொரு கையும் பிடிபடும். புஷ்கள் தேய்ந்துவிட்டால், முதல் கை நியூட்ரலுக்கு முழுவதும் வந்து சேருமுன்பே கம்பு அடுத்த கையைத் தேடிப் போய், இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து இரு கைகளையும் கையாலேயே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுப் புறப்படும் வித்தை பழைய டிரைவர்களுக்கெல்லாம் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருந்ததாலேயே பட்டறைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. அதற்குரிய சரியான மருத்துவம் மிக எளியது. புஷ்களை மாற்றியபின், கியர் பாக்ஸில் இரு கைகளையும் நியூட்ரலில் வைத்து, ராடுகளின் நட்டுகளைத் தளர்த்தி, தண்டின் அடியிலுள்ள இரு கைகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி கால் அங்குலப் பின் ஒன்றைச் செருகி, அந்த நிலையிலேயே நட்டுகளை முடுக்கிவிட்டுப் பின்னை உருவவேண்டும். அண்ணாச்சி இதற்கென்று முனை மழுங்கிய கால் அங்குல டிரில் பிட் ஒன்றைத் தலைகீழாகச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதன் வால்பகுதி, துளைகளில் போய்வந்து போய்வந்து, வெள்ளியைப் போல் மின்னும்.

ஆட்டோமாட்டிக் வண்டியிலோ விஷயம் இன்னும் கடுமையானது. பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் இடையே, இரண்டிலும் சேராத ஒரு நிலையில் கியர் பாக்ஸின் கை தங்கிவிடலாம். முள் பார்க்கைக் காட்டும், ஆனால் உள்ளே பூட்டு விழுந்திராது. ஓடும் இன்ஜினின் அதிர்வு ஒன்று போதும், ரிவர்ஸுக்கு நழுவிவிட. இது வெறும் ஊகம் அன்று. போர்டு நிறுவனத்தின் வண்டிகள் இவ்வாறு நழுவுகின்றன என்ற புகார்கள் குவிந்து, அமெரிக்க அரசாங்கம் விசாரணை நடத்தி, 1980 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள எச்சரிக்கைச் சீட்டு அனுப்பப்பட்டது. அந்த வழக்கில் கோளாறின் மூலம் எது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தேய்ந்த புஷ்ஷும் கிழிந்த மவுண்டிங்கும் எந்த நிறுவனத்தின் வண்டியையும் அதே இடைநிலையில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதே நம் தொழிலுக்கு வேண்டிய பாடம். பார்க்கில் வைத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, கம்பைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் ஆகிறது என்று ஒருவர் சொன்னால், ஸ்டார்ட்டரையும் பாட்டரியையும் சந்தேகிப்பதற்கு முன் இந்தச் சங்கிலியைச் சந்தேகியுங்கள். ராடைச் சரிசெய்யும்போதும் முள்ளை நம்பவேண்டாம். நியூட்ரலோ டிரைவோ, அந்தந்த நிறுவனத்தின் கையேடு எந்த நிலையைச் சொல்கிறதோ அதில் கியர் பாக்ஸின் கை பள்ளத்தில் விழுவதைக் கையால் உணர்ந்து, கம்பையும் அதே நிலையில் வைத்து நட்டை முடுக்குங்கள். முள்ளைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம்.

சுத்தியலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1967 மாதிரி முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும், பின்னர் பிக்கப்களிலும் வந்த ஸ்டீயரிங் தண்டு, மோதலில் ஓட்டுபவரின் மார்பைக் குத்தாமல் தானே சுருங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதற்காகவே அதன் உள்தண்டும் கியர்க் குழாயும் இரு துண்டுகளாக அமைந்து, நடுவே உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் முளைகளால் இணைந்து நிற்கின்றன. சக்கரம் கழன்று வரவில்லை என்று தண்டின் தலையில் ஒரு போடு போட்டால், அல்லது கழற்றிய தண்டைத் தரையில் நழுவவிட்டால், அந்த முளைகள் அறுந்துபோகும். அதன்பின் கியரும் தளரும், உயிர்காக்கும் ஏற்பாடும் கெடும். ஆட்டத்தைச் சரிசெய்யப் போன மெக்கானிக்கே ஆட்டத்தை உண்டாக்கிய வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். உடைந்த கிண்ணத்தை வெல்டிங் வைத்துப் பார்ப்பதும் வீண். அநேகமாக அது துத்தநாகக் கலவை வார்ப்பு. சூடு பட்டவுடன் குழைந்து ஒழுகும். பின் துளை மட்டும் அகன்றிருந்தால், துளையை ஒழுங்காகப் பெரிதாக்கி அதற்கேற்ற பருமனான பின் போடலாம். வார்ப்பே விரிந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த பிக்கப்களில் சக்கரத்தின் நடுவே காற்றுப்பை இருப்பதால், பாட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைக்கவேண்டும்.

பழைய வண்டிகளுக்குப் புஷ் கிடைப்பதில்லை என்பது உண்மையான கஷ்டம்; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ஏறி இறங்கியும் கிடைக்காதபோது, நல்ல லேத்துக்காரரிடம் நைலான் உருளையில் அளவுக்குக் கடைந்து வாங்கலாம். பித்தளையிலும் செய்யலாம், ஆனால் கிரீஸ் ஓயாமல் வேண்டும், ஓசையும் இருக்கும். சைக்கிள் டியூப்பைச் சுற்றுவதையும் கம்பி கட்டுவதையும் மட்டும், வழியில் நின்றுபோன வண்டியைப் பட்டறைவரை கொண்டுவருவதற்கன்றி வேறெதற்கும் செய்யாதீர்கள்.

வேலை முடிந்தபின், பில்லில் 'கியர்க் கம்பு முடுக்கியது' என்று எழுதாமல், எந்தெந்த இடம் பார்க்கப்பட்டது, எந்தெந்தப் புஷ் மாற்றப்பட்டது என்று எழுதுங்கள். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகிறது, மற்ற நிலைகளில் ஆகவில்லை என்று சோதியுங்கள். பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சரிவில், சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளிக் கட்டை போட்டு, பார்க்கில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, கைபிரேக் போடாமல், கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி ஓர் அங்குலம் அசைந்து, 'டக்'கென்று பூட்டில் உட்கார்ந்து நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு சாவியைச் சொந்தக்காரர் கையில் கொடுங்கள்.