எச்.பி. கூடினால் தூசி குறையுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் டஸ்ட் கலெக்டர் வாங்கப் போகிறவரிடம் பேச்சு எச்.பி.யில்தான் தொடங்குகிறது. "பாய், ஏழரை எச்.பி. போட்டுடுங்க, தொந்தரவே இருக்காது" என்பார் விற்பவர். மூன்று போதவில்லையா, ஐந்து. ஐந்தும் போதவில்லையா, ஏழரை. பெரிதாக வாங்கினால் தூசி தானாக அடங்கும் என்று இரு தரப்பும் நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு. நஷ்டம் கரண்ட் பில்லோடு நின்றால் முதலாளியின் கவலை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பவர், ஷூ தோலை உரசும் ரஃபிங் மெஷின் முன்னால் நிற்கும் தொழிலாளி.

முதல் கணக்கு, தூசியை உறிஞ்சும் ஹூட்டின் வாயில். 150 மி.மீ. குழாயில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 1,270 கன மீட்டர். நல்ல இழுப்புதான். அந்தக் குழாயின் திறந்த வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் போனால் வேகம் ஒன்றரை மீட்டருக்கு இறங்கிவிடும். 30 செ.மீ. தள்ளினால் 0.4 மீட்டர்கூடத் தேறாது. சுழலும் பிரஷ் வீசியடிக்கும் தூசியைப் பிடிக்க அது எந்த மூலைக்கு? இழந்த வேகத்தை மோட்டாரைப் பெரிதாக்கி மீட்க நினைத்தால், அதே குழாயில் ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றை ஓட்ட வேண்டும். காற்று இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு; நான்கு மடங்கை நெருங்கும்போது சக்தி ஐம்பது மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஹூட்டை 15 செ.மீ. முன்னால் நகர்த்த ஒரு வெல்டரின் அரைநாள் கூலி போதும். தூசி பறக்கும் திசையைப் பார்த்து அதன் எதிரே வாயை வைத்து, பக்கங்களைத் தகட்டால் மூடினால் இன்னும் குறைந்த காற்றே போதும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உறிஞ்சும் கருவியைத் தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் வைக்கவும் அந்த இடத்தை முடிந்தவரை மூடவும் சொன்னது. குதிரைத்திறனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அடுத்தது குழாய். "மெயின் டக்ட் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது" என்பது ஃபிட்டர்களின் வாய்ப்பாடு. நான்கு ரஃபிங் மெஷின், தலைக்கு 100 மி.மீ. கிளைக் குழாய் என்றால் மெயின் 200 மி.மீ. இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே வேகம் நிற்கும். 300 மி.மீ. போட்டால் கிளையில் 20 மீட்டராக இருக்கும் வேகம் மெயினில் 9 மீட்டருக்குக் கீழே போய்விடும். உலர்ந்த தோல் தூசி படியாமல் ஓட 15 முதல் 20 மீட்டர் வேண்டும். பெரிய குழாயின் அடியில் தூசி மெத்தையாகப் படிந்துகொண்டே வரும். லாஸ்டிங் ஆணியில் பிரஷ் உரசிப் பறக்கும் ஒரு தீப்பொறி அங்கே போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நான்கு மெஷினுக்கு மொத்தம் வேண்டியது மணிக்குச் சுமார் 2,260 கன மீட்டர் காற்று. குழாயும் ஃபில்டரும் சேர்ந்து 200 மி.மீ. நீர்மட்ட அளவு எதிர்ப்புக் காட்டும் என்றும், புளோவர் பாதிக்குச் சற்று மேல் திறனோடு ஓடும் என்றும் வைத்தால் கணக்கு மூன்று எச்.பி.யில் முடிகிறது. ஏழரை எங்கிருந்து வந்தது?

"பை நிறையுது, அப்போ மெஷின் வேலை செய்யுது" என்ற வாதத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பையில் விழுவது கண்ணுக்குத் தெரியும் நார். நுரையீரல்வரை போகும் பொடி கண்ணுக்குத் தெரியாது. சாதாரணத் துணிப்பையின் இழை வழியே புகுந்து ஷெட்டுக்குள்ளேயே திரும்புகிறது. மேலே சொன்ன காற்றுக்கு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் வடிகட்டும் வேகம் என்று வைத்தாலும் 25 சதுர மீட்டர் துணி தேவை. பழைய பையை அப்படியே வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் பொடி துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அல்லது இழையில் சிக்கித் துணியை அடைக்கும். பணம் இருந்தால் எச்.பி.யில் போடாமல் துணியில் போடுங்கள்.

வீட்டுத் திண்ணையிலும் சிறு அறையிலும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. கையில் பிடிக்கும் சாண்டருக்கு 36 மி.மீ. ஹோஸ்தான் பொருந்தும். அதில் இரண்டு எச்.பி. பை கலெக்டரை மாட்டினால் மூச்சுத் திணறும், ஏனென்றால் அதன் அழுத்தம் 200 மி.மீ. நீர்மட்டத்தைச் சுற்றியே இருக்கும். அந்த ஒல்லிக் குழாய்க்கு 2,000 மி.மீ.க்கு மேல் இழுக்கும் வாக்குவம் வேண்டும். நுண்தூசியைப் பிடிக்கும் எம் அல்லது எச் வகுப்பு ஃபில்டரோடு இருந்தால் நல்லது. அதே வாக்குவத்தைப் பெரிய பஃபிங் மெஷினுக்கு வைத்தால் காற்று போதாது.

மாஸ்க் கொடுத்துவிட்டோமே என்பவர்களுக்கு: மார்ச்சுக்குப் பிறகு வேலூர் வெயிலில், தகரக் கூரையின் கீழ், எட்டு மணி நேரம் யார் அதை மூக்கில் வைத்திருப்பார்? சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேனோ தூசியைத் தொழிலாளியின் முகத்தைக் கடந்தே இழுத்துச் செல்கிறது.

"ஆவாரம்பட்டைத் தோல், குரோம் இல்லை, பயமில்லை" என்பதும் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வெளியிட்ட தொகுதி, தோல் தூசியையே முதல் பிரிவில் வைத்து, மூக்குக்குழியிலும் சைனஸ் அறைகளிலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது. குரோம் தோல், பட்டைத் தோல் என்று பிரிக்கவில்லை. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் ஷூ தொழிலாளரிடம் இந்நோய் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதியது 1970-இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், சீதாராமையா குழுவின் 1972 பரிந்துரைக்குப் பிறகு, அரைகுறைப் பதத்தில் தோலை ஏற்றுமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டது. ஃபினிஷிங்கும் ஷூவும் இங்கே பெருகின, உலர் தூசியும் கூடவே பெருகியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது தோல் ஆலைக் கழிவு கலந்த பாலாற்றை நாடே பார்த்தது. அது நியாயமே. ஷெட்டுக்குள் பறப்பதை அப்படி யாரும் பார்க்கவில்லை. இந்நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டுப் போயிருப்பார், காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

எனவே ஆர்டர் கொடுக்கும்போது எச்.பி.யை எழுதாதீர்கள். ஒவ்வொரு ஹூட்டிலும் இத்தனை கன மீட்டர், இத்தனை மி.மீ. அழுத்தத்தில், இத்தனை சதுர மீட்டர் துணியோடு என்று எழுதுங்கள். மோட்டார் அளவை விற்பவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பொருத்தி முடித்ததும் எல்லா மெஷினையும் ஓடவிட்டு, கடைசி மெஷினின் கிளைக் குழாயில் அனிமோமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு யு-டியூப் மேனோமீட்டர் மாட்டி, முதல் நாள் அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். எழுதிக் கொடுத்த அளவு வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.