ஆலையின் முதல் கருவி குப்பைத் தொட்டி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கெமிக்கல் இன்ஜினியர். "சார், நகராட்சிக் குப்பையிலிருந்து மெத்தனால் எடுக்கும் ஆலைக்கு டிசைன் போடுகிறோம்" என்றான். பெருமையாக இருந்தது. "குப்பையில் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "ரிப்போர்ட்டில் சராசரி இருக்கு சார்." "ஐப்பசி மழையில் நனைந்த குப்பைக்கும் அதே சராசரிதானா?" பதில் இல்லை.

தவறு அவனுடையது மட்டுமல்ல. ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடும் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் மெத்தனால் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். என் சமன்பாட்டில் ஈரமும் இல்லை, மண்ணும் இல்லை, பிவிசி பைப் துண்டும் இல்லை. நிஜக் குப்பையில் எல்லாம் உண்டு. பிவிசியைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது குழாயை அரிக்கும். குளோரினும் கந்தகமும் மெத்தனால் தயாரிக்கும் தாமிர வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஈரக் குப்பை என்றால் தண்ணீரை ஆவியாக்கவே நிறைய வெப்பம் போய்விடும்.

கனடாவின் எட்மன்டன் நகரில் 2014-இல் இப்படி ஓர் ஆலை திறந்தார்கள். குப்பையை வாயுவாக்கி, முதலில் மெத்தனால், பிறகு எத்தனால். உலகமே திரும்பிப் பார்த்தது. 2024-இல் மூடிவிட்டார்கள். பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஊரிலேயே இந்த நிலை.

நம் நாட்டு இந்தூரைப் பாருங்கள். 2022-இல் தொடங்கியபோது அங்குள்ள ஆலை தினமும் 550 டன் ஈரக் குப்பையைக் கையாளும் திறன் கொண்டிருந்தது. நொதிக்க வைத்து மீத்தேன் எடுக்கிறார்கள். வேதியியல் எளிது. ஆனால் அதற்குமுன் வீடுவீடாகப் பிரித்து வாங்கும் பழக்கத்தை அந்த ஊர் உண்டாக்கியிருந்தது. என் பார்வையில் ஆலையின் முதல் கருவி அதுதான்.

ஆகவே இத்துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடம் போடுமுன் ஒரு வருடம் குப்பையை எடை போடுங்கள். மழைக்காலம், பொங்கல், தீபாவளி எல்லாம் அதில் வரட்டும். சராசரிக்கு அல்ல, மோசமான நாளுக்கு டிசைன் செய்யுங்கள். பிரிக்காத குப்பைதான் வரும் என்றால், "இந்த ஆலை வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கும் தைரியமும் வேண்டும். செலவாவது ஊர்ப் பணம்.

உறவுகளே, "பெரியப்பா மறுபடி பாடம் எடுக்கிறார்" என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் தொட்டி ஒன்றா, இரண்டா?