மாயா தெரிந்தால் அனிமேட்டரா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அனிமேஷனில் ஆசை என்றால், எந்த இன்ஸ்டிட்யூட்டில் என்ன சாஃப்ட்வேர் சொல்லித் தருகிறார்கள் என்றுதான் பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். மாயா என்ற அனிமேஷன் சாஃப்ட்வேர் தெரிந்தால் வேலை நிச்சயம், படம் வரைய வராவிட்டாலும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. கட்டிய பணத்தோடு பிள்ளைகளின் நல்ல வயதையும் அது விழுங்குகிறது.

அனிமேஷனின் அரிச்சுவடி துள்ளும் பந்து. ஒரு வினாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படங்கள் வரைய வேண்டும். உச்சியில் பந்து தயங்கும், அதனால் அங்கே படங்கள் ஒன்றோடொன்று நெருங்கி விழ வேண்டும். கீழே வரவர இடைவெளி கூட வேண்டும். தரையைத் தொடும்போது பந்து நசுங்கும், ஆனால் அதன் பருமன் குறைந்துவிடக் கூடாது. இடைவெளியை ஒரே சீராக வைத்தால் பந்து கனமே இல்லாமல் மிதக்கும்.

அசைவின் முக்கியக் கட்டங்களான கீ பிரேம்களைக் கொடுத்தால் நடுவில் இருப்பதைக் கணினி நிரப்பித் தரும், உண்மைதான். ஆனால் துள்ளுவது ரப்பர் பந்தா, இரும்புக் குண்டா? அந்தக் கனத்தை அசைவில் கொண்டுவருவது பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய கண்தான்.

மிக்கி மவுஸ் உலகப் புகழ் பெற்ற பிறகும்கூட, 1932இல், டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியரை அழைத்து வந்து தன் கலைஞர்களுக்கு மாலை வகுப்பு நடத்தச் சொன்னார் வால்ட் டிஸ்னி. 'ஸ்னோ ஒயிட்' படம் வந்தது அதன் பிறகு, 1937இல். 'பாம்பி' படத்துக்காக நிஜ மான்குட்டிகளையே ஸ்டூடியோவில் வைத்து வரைந்தார்கள். அங்கே வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அவரிடம் பழகியவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவர்.

அதெல்லாம் பழைய காலம் என்பவர்கள் 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'யைப் பார்க்கட்டும். முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம். அதன் பின்னே நின்ற ஜான் லாசட்டர், பீட் டாக்டர், ஆண்ட்ரூ ஸ்டான்டன் மூவருமே கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் கையால் வரைந்து பயின்றவர்கள். 1993 நவம்பரில், கதையைக் காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு படங்களைக் கோத்து, படத்துக்குப் பணம் போட்ட டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது வுடி என்ற பொம்மை யாருக்கும் பிடிக்காத கொடுமைக்காரனாக இருந்தது. தயாரிப்பையே நிறுத்தினார்கள். கணினியில் எந்தக் குறையும் இல்லை, கோளாறு கதையில். படத்தைக் காப்பாற்றியது, உட்கார்ந்து மறுபடி எழுதி மறுபடி வரைந்த உழைப்பு. அனிமேஷனில் எழுத்தும் ஓவியமும் இப்படித்தான் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. கதை பண்ணத் தெரியாத மாணவனுக்கு எந்த சாஃப்ட்வேர் மெனுவும் கைகொடுக்காது.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவருக்கு அது அவசியம். ஆனால் இன்று கற்ற பதிப்பு சில ஆண்டுகளில் மாறிவிடும். எடையும் நேரமும் கைக்குப் பழகிவிட்டால், எந்தப் புதுக் கருவியையும் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆகவே பெற்றோரே, ஃபீஸ் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளைகள் பென்சில் பிடித்து வரைவார்கள்? அவர்களின் ஸ்டோரிபோர்டை உட்கார்ந்து திருத்திக் கொடுக்க ஆசிரியர் உண்டா? நேரான பதில் வராவிட்டால் அங்கே சேர்க்காதீர்கள்.